கடலோர நெல் வயலில் உவர்: புதிதாக இறங்குபவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

கடலோரத்தில் நெல் வயலைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "மண்ணில் உப்பு இருக்கிறதே, என்ன போட்டால் போகும்?" என்பதுதான். எதைப் போட்டாலும் போகாது. உப்பு தண்ணீரில் கரையும், தண்ணீர் போகிற இடத்துக்குக் கூடவே போகும், தண்ணீர் ஆவியானால் அங்கேயே தங்கிவிடும். அதனால் உங்கள் வயலில் விழுகிற நல்ல தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேற ஒரு வழி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த வழி இல்லாமல் ரகம், உரம், நுண்ணுயிர் என்று எதற்குச் செலவு செய்தாலும் அந்தப் பணம் வீண். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில்: உவரா, களரா?

பேச்சில் எல்லாவற்றையும் "உப்பு மண்" என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் உவரும் களரும் வேறு நோய், மருந்தும் வேறு. உவர் நிலத்தில் கரையக்கூடிய உப்பு அதிகம்: மண்ணின் செறிவுக் கரைசலில் (மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அதிலிருந்து பிரித்தெடுக்கும் நீரில்) மின்கடத்தும் திறன், அதாவது உப்பின் அளவைக் காட்டும் எண், மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல், பிஎச் பொதுவாக 8.5-க்குக் கீழ். கோடையில் மேலே வெள்ளையாகப் பூக்கும், காலில் மிதித்தால் பொருபொருவென்று உதிரும். களர் நிலத்தில் கரையும் உப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் களிமண் துகள்களில் சோடியம் ஒட்டியிருக்கும்: பிஎச் 8.5-க்கு மேல், துகள்களில் ஒட்டிய அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்துக்கு மேல். நனைந்தால் சேறாகக் குழையும், காய்ந்தால் பாறையாக இறுகும், தண்ணீர் உள்ளே இறங்கவே இறங்காது. இரண்டும் கலந்த உவர்களர் நிலமும் உண்டு, கடலோரத்தில் அது அபூர்வம் இல்லை.

நெல்லுக்கு எவ்வளவு தாங்கும் என்றால், செறிவுக் கரைசல் கணக்கில் 3 டெசிசைமன் வரை பெரிய சேதம் இல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் விளைச்சலில் சுமார் 12 சதவீதம் போகும் என்பது வேளாண் உலகில் வெகுகாலமாகப் பயன்பட்டு வரும் கணக்கு. அதாவது 6 டெசிசைமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு, 7 தாண்டினால் பாதி போய்விடும்.

மண் மாதிரியைக் கோடையில், அறுவடை முடிந்து நிலம் காய்ந்திருக்கும்போது எடுங்கள், உப்பு அப்போதுதான் முழுசாக வெளியே தெரியும். வரப்போரத்தை விட்டுவிட்டு, எட்டுப் பத்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவத்தில் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, அரை கிலோவாகக் குறைத்து அனுப்புங்கள். பயிர் நன்றாக வரும் பகுதியையும் சொட்டையாகக் கிடக்கும் பகுதியையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், கலந்தால் வரும் எண் இரண்டுக்கும் பொருந்தாது. முடிந்தால் 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை உள்ள மண்ணையும் தனியாகக் கொடுங்கள். மேல்மண்ணில் உப்பு அதிகம், கீழே குறைவு என்றால் உப்பு கீழிருந்து ஏறி மேலே சேர்ந்திருக்கிறது அல்லது அண்மையில் மேலே பரவியிருக்கிறது என்று பொருள். மேலே குறைவு, கீழே அதிகம் என்றால் மழை கழுவியிருக்கிறது, ஆனால் கழுவிய உப்பு இன்னும் வயலை விட்டுப் போகவில்லை.

முடிவு வந்ததும் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த எண் செறிவுக் கரைசலில் எடுத்ததா, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து எடுத்ததா? இரண்டாவது முறையில் உப்பு நீர்த்துப்போவதால் எண் சிறியதாக வரும். களிமண்ணில் அதை ஏறத்தாழ மூன்றால் பெருக்கினால்தான் மேலே சொன்ன அளவுகளோடு ஒப்பிட முடியும், மணற்பாங்கான மண்ணில் இன்னும் அதிகம். "அறிக்கையில் 1.5 தான் இருக்கிறது" என்று நிம்மதியாக நட்டுவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் இருக்கிறார்கள், அது களிமண்ணில் நாலரை.

வீட்டிலேயே ஒரு சோதனை

கையடக்க மின்கடத்தும் திறன் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்த விவசாயத்தில் மண்வெட்டிக்கு அடுத்து அதுதான். குடிநீர் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் அதில் மின்கடத்தும் திறன் காட்டும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 1000 மைக்ரோசைமன் என்பது 1 டெசிசைமன். பிபிஎம் மட்டும் காட்டும் மீட்டர் என்றால், எந்தப் பெருக்கெண்ணை வைத்துக் காட்டுகிறது என்று அதன் தாளில் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

உலர்ந்த மண் 50 கிராம், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் 100 மில்லி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு அரை மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, வண்டல் அடங்கியதும் மீட்டரை நனையுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு பாட்டிலை அப்படியே ஒரு நாள் வைத்துப் பாருங்கள், மீட்டர் சொல்லாததை அது சொல்லும். மண் சீக்கிரம் அடியில் இறங்கி மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தால் உப்பு அதிகம், உப்புதான் துகள்களைச் சேர்த்துப் பிடித்து இறக்குகிறது. மறுநாளும் பால் கலந்த தேநீர் நிறத்தில் கலங்கியே நின்றால் சோடியம் பிடித்த களர். இங்கேயே நிறுத்தாதீர்கள். தெளிந்த தண்ணீரை மெல்ல வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி வடிநீர் ஊற்றிக் குலுக்குங்கள், இப்படி இரண்டு மூன்று முறை. முதலில் தெளிந்த மண், உப்பு போகப் போகக் கலங்க ஆரம்பித்தால், உங்கள் வயலை வெறும் மழைநீரால் கழுவும்போதும் அதே கதிதான் நடக்கும்: உப்பு போகும், சோடியம் மிஞ்சும், துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும், அப்புறம் தண்ணீர் கீழே இறங்காது. கடல்நீர் புகுந்த களிமண்ணில் இது அடிக்கடி நடக்கும். அப்படிப்பட்ட வயலுக்குக் கழுவுவதற்கு முன்பே ஜிப்சம் (துகள்களில் ஒட்டிய சோடியத்தை விலக்கும் கால்சியம் உப்பு) தேவை.

உப்பு எந்த வழியாக வருகிறது?

வழி தெரியாமல் வைத்தியம் செய்யக் கூடாது. பெரும்பாலும் மூன்று வழிதான். ஓடையிலும் கழிமுகத்திலும் ஏறும் ஓதநீர் (கடல் ஏறி இறங்குவதுதான் ஓதம்) உடைந்த மதகு, தாழ்ந்த வரப்பு வழியாக உள்ளே புகுவது ஒன்று. நிலத்தடியில் ஆழம் குறைவாகக் கிடக்கும் உப்புநீர், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, வறண்ட மாதங்களில் மண் துளைகள் வழியாக மேலே ஏறி ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போவது இன்னொன்று. மூன்றாவது நீங்களே மோட்டார் போட்டு இறைத்து ஊற்றுவது. பக்கத்து இறால் குட்டையிலிருந்து கசிவதும், புயல் நேரத்தில் கடல் ஏறுவதும் இவற்றோடு சேரும்.

ஓதத்தைப் பார்க்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள் கவனியுங்கள், கடல் அதிகம் ஏறுவது அப்போதுதான். ஓதம் உச்சத்தில் இருக்கும்போது வரப்பின் உட்பக்கமாக நடந்து போங்கள். வெளியே தண்ணீர் ஏறியிருக்க, உள்ளே காய்ந்திருக்க வேண்டிய இடத்தில் கையகல ஈரம் தெரியும், அதை நெருங்கிக் குனிந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு நண்டு வளை இருக்கும், அதன் வாயிலிருந்து தண்ணீர் மெல்லிய நூலாக வந்துகொண்டிருக்கும். பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு, அது இரவும் பகலும் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். களிமண்ணைப் பிசைந்து வளையின் உள்ளே ஆழமாக அடையுங்கள், மேலே பூசினால் மறுநாளே திறந்துகொள்ளும்.

நிலத்தடி நீருக்கு, பக்கவாட்டில் துளையிட்ட 2 மீட்டர் பிவிசி குழாய் ஒன்றை வயலில் செங்குத்தாக இறக்கி, மேலே மூடி போட்டு வையுங்கள். மாதம் இரண்டு முறை, நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். வறண்ட மாதத்தில் ஒன்றரை மீட்டருக்குள் உப்புநீர் நின்றால் அது மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பாசன நீரில் 0.7 டெசிசைமனுக்குக் கீழ் கவலையில்லை, 0.7 முதல் 3 வரை கவனத்தோடு பயன்படுத்தலாம், 3-க்கு மேல் ஆபத்து. ஓடையில் இறைப்பவர்கள் ஓதம் இறங்கும்போது, அதுவும் மேல்மட்டத்திலிருந்து இறையுங்கள். உப்புநீர் கனமானது, அடியில் கிடக்கும். கிணற்றில் இறைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது இயற்பியல் கணக்கு, அதே கணக்குப்படி மேலே 1 மீட்டரை இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். ஆழமாகப் போட்டு வேகமாக இறைப்பதைவிட ஆழமில்லாத கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதுதான் நிலைக்கும்.

வரப்பு, மதகு, வடிகால்

இதற்குத்தான் முதல் பணத்தை ஒதுக்க வேண்டும். வெளிவரப்பு, கண்ட உச்ச ஓதத்துக்கு மேல் உயர்ந்து, நன்றாக மிதித்து இறுக்கியதாக இருக்கட்டும். மதகுக்கு வெளிப்பக்கமாகத் திறக்கும் ஒருவழிக் கதவு வையுங்கள்: ஓதம் இறங்கும்போது உள்ளே நிற்கும் நீர் அதைத் தள்ளித் திறந்து வெளியேறும், ஓதம் ஏறும்போது கடலே அதை மூடிவிடும். ஆள் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கதவில் ஒரு குச்சி சிக்கினாலும் எல்லாம் தலைகீழாகிவிடும், அதனால் ஒவ்வொரு பெரிய ஓதத்துக்கு முன்பும் போய்ப் பார்த்துவிடுங்கள்.

வயலுக்குள் 60 முதல் 90 சென்டிமீட்டர் ஆழத்தில் வடிகால் வெட்டுங்கள், இறால் குட்டை இருக்கும் பக்கம் கட்டாயம் ஒன்று. வெட்டுவதற்கு முன் மட்டம் பாருங்கள்: வடிகாலின் அடி, இறங்கிய ஓதத்தின் மட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வடிகால் இல்லை, உப்புநீர்த் தொட்டி. வெட்டிய அடிமண் சாம்பல் நிறமாக இருந்து, காற்றுப்பட்ட சில வாரங்களில் வைக்கோல் மஞ்சளாகத் திட்டுத்திட்டாக மாறி, பிஎச் 4-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள். அது அமிலம் கக்கும் கந்தக மண். அதைக் கிளறி வயலில் பரப்பக் கூடாது, அதற்குச் சுண்ணாம்புதான் வைத்தியம், ஆழமாக வடிக்கவும் கூடாது.

கழுவுதல்

மழைக்கு முன் வயலை மட்டப்படுத்துங்கள், மேடு இருக்கும் இடத்தில் உப்பு தங்கும். உள்வரப்பை 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கட்டி, விழும் மழை முழுவதையும் வயலுக்குள் நிறுத்துங்கள். 30 சென்டிமீட்டர் ஆழ மண்ணில் உள்ள உப்பில் பாதியை இறக்க சுமார் 15 சென்டிமீட்டர் தண்ணீரும், ஐந்தில் நான்கு பங்கை இறக்க சுமார் 30 சென்டிமீட்டர் தண்ணீரும் மண்ணுக்குள் புகுந்து கீழே போக வேண்டும். ஒரு ஏக்கரில் 30 சென்டிமீட்டர் என்றால் 12 லட்சம் லிட்டர், மோட்டாரால் ஆகிற காரியம் இல்லை, மழைதான் செய்ய வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல் புகுந்த வயல்களில் பலவற்றை அடுத்த மழைக்காலங்கள்தான் கழுவிக் கொடுத்தன, வடிகால் இருந்த இடங்களில் அது சீக்கிரம் நடந்தது.

ஒரே மூச்சில் தேக்கி வைப்பதைவிட, தேக்கி, இறங்கவிட்டு, வடித்து, மறுபடி தேக்குவது குறைந்த தண்ணீரில் அதிகம் கழுவும். முதல் தூறலை நம்பி நாற்று விடாதீர்கள். மேலே பூத்திருக்கும் உப்பைக் கரைத்து வேர் நிற்கும் ஆழத்துக்குக் கொண்டுபோய் வைப்பது அந்தச் சின்ன மழைதான், அப்போது முளைத்த பயிர்தான் முதலில் கருகும்.

பாட்டில் சோதனையில் கலங்கிய மண்ணுக்கும் களருக்கும், மண் ஆய்வகம் சொல்லும் ஜிப்சம் தேவையில் பாதி அளவை மேல் 10 சென்டிமீட்டர் மண்ணில் கலந்து, தண்ணீர் கட்டி பத்துப் பதினைந்து நாள் ஊறவிட்டு, பிறகு வடித்துவிடுங்கள். வெறும் உவர் நிலத்துக்கு, நன்றாகத் தெளிகிற மண்ணுக்கு ஜிப்சம் வேண்டாம், அதுவும் ஓர் உப்புதான். "உவர் நீக்கி" என்ற பெயரில் விற்கும் எதையும் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீக்கிய உப்பு எங்கே போகும்?

இடையில் நேரம் கிடைத்தால் தக்கைப்பூண்டு விதையுங்கள், ஏக்கருக்கு 20 கிலோ, பூக்கும் பருவத்தில் சுமார் 45 நாளில் மடக்கி உழுங்கள். உவரையும் ஓரளவு தாங்கும், அதன் வேர் இறுகிய மண்ணைத் திறந்து தண்ணீர் இறங்க வழி செய்யும்.

ரகம், நாற்று, நடவு

கேரளக் கடலோரத்துப் பொக்காளி உலகெங்கும் உவர் ஆராய்ச்சியில் பேசப்படும் நெல். அதன் முதலாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கும் 'சால்டால்' என்ற மரபணுப் பகுதி, சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இடையிலான சமநிலையை நாற்றுப் பருவத்தில் காக்கிறது. நாற்றுப் பருவத்தில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உவர் தாங்கும் ரகம் என்று வாங்கியது பூக்கும்போதும் தாங்கும் என்று உறுதி இல்லை. நெல் முளைக்கும்போது உப்பைத் தாங்கும், இரண்டு மூன்று இலைப் பருவத்தில் தாங்காது, தூர் கட்டும்போது ஓரளவு தாங்கும், கதிர் உருவாகிப் பூக்கும்போது மறுபடி தாங்காது, பால் முற்றிய பிறகு தாங்கும். ஆக, பூக்கும் நேரம் மழைக்காலத்துக்குள் வருமாறு வயதைக் கணக்கிட்டு ரகம் தேர்ந்தெடுப்பது, ரகத்தின் பெயரைவிட முக்கியம். குழியடிச்சான், உவர்முண்டான், களர்பாளை போன்ற பாரம்பரிய ரகங்களும் கோ 43, திருச்சி 1 போன்ற வெளியீடுகளும் உண்டு. இதில் திருச்சி 1 களருக்குப் பேர்போனது. எதுவானாலும் முதல் பருவத்தில் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

நாற்றங்காலை உள்ளதிலேயே நல்ல மண்ணில், நல்ல தண்ணீர் எட்டும் இடத்தில் மேட்டுப்பாத்தியாக அமையுங்கள். ஒற்றை நாற்று, 14 நாள் இளநாற்று என்ற முறை நல்ல நிலத்துக்கு அருமையானது, உவர் நிலத்துக்கு வேண்டாம். இங்கே 30 முதல் 35 நாள் வயதுள்ள முற்றிய நாற்றை, குத்துக்கு மூன்று நான்கு வைத்து, கொஞ்சம் நெருக்கி நடுங்கள். தூர் குறைவாகத்தான் கட்டும், அதை எண்ணிக்கையால் ஈடு கட்ட வேண்டும். தழைச்சத்தைக் கால் பங்கு கூட்டி, பல தடவையாகப் பிரித்துப் போடுங்கள். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ கடைசி உழவுக்குப் பின் மேலாகத் தூவினால் போதும்.

பயிர் நிற்கும்போது

வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் இங்கே கூடாது, மண் காய்ந்து வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கீழே இறக்கிய உப்பு மேலே வரும். வடிக்காமலே, குறைந்த தண்ணீருக்கு மேல் மேலும் ஊற்றிக்கொண்டே இருப்பதும் தப்பு, ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு கூடிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை மீட்டரை வயல் நீரில் நனையுங்கள், 3-ஐ நெருங்கினால் முழுதாக வடித்துவிட்டுப் புது நீர் கட்டுங்கள். வடிக்க மாற்று நீர் கையில் இல்லாவிட்டால் வடிக்காதீர்கள், மழையைப் பார்த்துச் செய்யுங்கள். பருவம் முழுவதற்கும் நல்ல நீர் போதாது என்றால், இருப்பதை நட்ட முதல் இரண்டு வாரத்துக்கும் கதிர் வெளிவரும் சமயத்துக்கும் ஒதுக்கி வையுங்கள்.

இலை நுனி வெளுத்துச் சுருண்டால், வயலில் திட்டுத்திட்டாக வளர்ச்சி நின்றால், கதிரில் பதர் அதிகமானால் உப்பாக இருக்கலாம். நுனி கருகியதும் யூரியாவைக் கொட்டுவது பலருக்கும் கை பழகிய காரியம். முதலில் மீட்டர், அப்புறம் மூட்டை.

அறுவடைக்குப் பின்

அடுத்த வருஷத்து உவர் சேர்வது இந்த மாதங்களில்தான், ஆனால் வயலைத் திரும்பிப் பார்க்காமல் விடுவதும் இப்போதுதான். அறுத்த ஈரம் இருக்கும்போதே மேலாக ஓர் உழவு போடுங்கள், மேல்மண் துளைகளின் தொடர்ச்சி அறுந்தால் கீழிருந்து ஏறுவது குறையும். வைக்கோலில் ஒரு பங்கை வயலிலேயே பரப்பினால் வெயில் நேராகப் படாது. கொஞ்சம் நல்ல நீர் இருந்தால் குறுகிய காலப் பயிர் ஒன்று போடுங்கள், தரிசாக வெயிலில் கிடப்பதுதான் இருப்பதிலேயே மோசம். மேலே கெட்டியாக உப்புப் படிந்திருந்தால் சுரண்டி வரப்புக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள், வரப்பு மேலேயே போட்டால் முதல் மழையில் திரும்பி வந்துவிடும்.

வடிகால், வரப்பு எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து, மழை நடுவிலேயே செறிவுக் கரைசலில் 8-க்குக் கீழே இறங்காத துண்டு ஒன்று மிஞ்சலாம். அதில் நெல்லைத் திரும்பத் திரும்ப நடாதீர்கள். அங்கே மழைநீர்க் குட்டை வெட்டலாம், ஆனால் உப்புநீர் மட்டத்தைத் தொடும் ஆழத்துக்குப் போகாமல், அடியைக் களிமண்ணால் இறுக்கி. வெட்டிய மண்ணைப் பக்கத்துத் தாழ்ந்த வயலில் பரப்புவதற்கு முன் அதையும் ஒருமுறை பாட்டிலில் குலுக்கிப் பார்த்துவிடுங்கள்.